ஐம்பதைத் தாண்டிய செஸ் ஆட்டக்காரருக்கு: மறதியோடு படிக்கும் முறை

பல வருடங்களாக செஸ் ஆடுபவருக்கு வயதாவது முதலில் தெரியும் இடம் பெரும்பாலும் ஓபனிங்தான், அதாவது ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்கள். போன வாரம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து படித்த லைன், ஒரு நகர்த்தல் வரிசை. பத்தாவது நகர்த்தல் வரை கை தானாகப் போகிறது, பதினோராவது வரமாட்டேன் என்கிறது. ஆனால் அதே ஆட்டத்தில் எதிராளியின் குதிரை எந்தக் கட்டத்தில் வந்து உட்கார்ந்தால் தொல்லை என்பது அவருக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிடுகிறது.

இந்த இரண்டும் ஒரே நினைவு அல்ல. உளவியல் ஆய்வாளர்களான வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் இருவரும் 1973இல் வெளியிட்ட சோதனையில், உண்மையான ஆட்டத்திலிருந்து எடுத்த நிலையை 5 விநாடி மட்டும் காட்டியபோது மாஸ்டரால் அதைப் பெருமளவு திரும்ப அடுக்க முடிந்தது. காய்களைக் கண்டபடி இறைத்து வைத்தபோது அந்த மேன்மை மறைந்தது. வலுவான ஆட்டக்காரர் காய்களைத் தனித்தனியாக நினைவில் வைப்பதில்லை. காஸ்லிங் செய்த ராஜாவும் அதன் முன்னால் நிற்கும் மூன்று சிப்பாயும் அவருக்கு ஒரே பொருள். இந்தக் கொத்துகள் வயதானாலும் எளிதில் உதிர்வதில்லை. உதிர்வது புதிதாகச் சேர்க்கும் வரிசைகள். கூடவே, மனதில் ஒரு நிலையைப் பிடித்துக்கொண்டே அடுத்ததைக் கட்டும் திறனும் மெல்லக் குறைகிறது. நீல் சார்னஸ் 1981இல் செய்த ஆய்வில், ஒரே பலம் கொண்டவர்களுக்குள் வயதானவர்கள் குறைவாகவே தேடிப் பார்த்தார்கள். ஆனாலும் இளையவர்களுக்கு இணையான நகர்த்தலைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

ஆகவே இருபத்தைந்து வயதில் பலன் தந்த படிப்பு முறையை அறுபதில் இரண்டு மடங்கு நேரம் செய்வது தவறான மருந்து. நினைவில் வைக்க வேண்டியதைக் குறைக்க வேண்டும். படிக்கும் நேரத்தை, புதிதாகச் சேர்ப்பதிலிருந்து நினைவிலிருந்து திரும்ப எடுப்பதற்கு மாற்ற வேண்டும்.

முதலில் கணக்கெடுப்பு

கடைசியாக ஆடிய 20 நீண்ட ஆட்டங்களின் ஸ்கோர் ஷீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளியோ அரைப் புள்ளியோ போன ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரே ஒரு காரணம் எழுதுங்கள்: ஓபனிங் மறந்தது, கணக்கு (அடுத்த நகர்த்தல்களை மனதில் ஓட்டிப் பார்ப்பது) பிசகியது, ஒரே நகர்த்தலில் காயை விட்டது, நேரம் இல்லாமல் போனது, எண்ட்கேம் (காய்கள் குறைந்த கடைசிக் கட்டம்) தெரியாமல் போனது. பக்கத்தில் அது எத்தனையாவது நகர்த்தல், கடிகாரத்தில் எவ்வளவு மீதி இருந்தது என்பதையும் குறியுங்கள்.

எல்லாப் பழியையும் மறதியின்மேல் போடுவது வழக்கம். எண்ணிப் பார்த்தால் பெரும்பாலும் முப்பதாவது நகர்த்தலுக்குப் பிறகு, பத்து நிமிடத்துக்குக் குறைவாக இருக்கும்போது நடந்த பிழைகள்தான் கூட்டமாக நிற்கும். உங்கள் பட்டியலும் அப்படி இருந்தால், ஓபனிங் படிப்பில் சேர்க்கும் ஒவ்வொரு மணி நேரமும் வேறு இடத்தில் ஒழுகும் குடத்துக்கு வாய் அடைப்பது போலத்தான்.

ஓபனிங்: எதை விடுவது

நைடார்ஃப், குருன்ஃபெல்ட், டிராகன் போன்ற ஓபனிங்குகளில் ஒரு நகர்த்தல் இடம் மாறினால் ஆட்டமே போய்விடும். அங்கே நினைவுதான் ஆயுதம். வாழ்நாள் முழுக்க அவற்றை ஆடியவர் உடனே கைவிட வேண்டியதில்லை, பழைய நினைவு ஆழமாக இருக்கும். ஆனால் ஐம்பதுக்கு மேல் புதிதாக எடுக்கக் கூடாது.

எடுக்க வேண்டியவை, சிப்பாய் அமைப்பு ஆட்டத்துக்கு ஆட்டம் மாறாமல் வருபவை. கறுப்பில், வெள்ளை இ4 என்று தொடங்கினால் காரோ-கான், டி4 என்று தொடங்கினால் ஸ்லாவ் என்று வைத்துக்கொண்டால் இரண்டிலும் சி6, டி5 சிப்பாய்கள்தான். பல லைன்களில் பிஷப் வெளியே வந்தபின் இ6 வருகிறது. ஒரே திட்டம் இரண்டு ஓபனிங்குக்கும் பயன்படும்.

இன்னொரு நல்ல இணைப்பு உண்டு. வெள்ளையில் குயின்ஸ் கேம்பிட் எக்ஸ்சேஞ்ச் ஆடுபவர் பி4, பி5 என்று அந்தப் பக்கம் எண்ணிக்கையில் குறைவான தன் சிப்பாய்களை ஏற்றி கறுப்பின் சி6ஐ உடைக்கப் பார்ப்பார். காரோ-கானில் வெள்ளை எக்ஸ்சேஞ்ச் செய்தால் கார்ல்ஸ்பாட் என்று அழைக்கப்படும் அதே சிப்பாய் அமைப்பு நிறம் மாறி வருகிறது. இப்போது கறுப்பு தன் பி சிப்பாயை பி5, பி4 என்று தள்ளி வெள்ளையின் சி3ஐத் தாக்கலாம். ஒரு முறை நன்றாகப் புரிந்த திட்டம் இரண்டு நிறத்திலும் உழைக்கிறது. இப்படி ஒன்றையொன்று தாங்கும் ஓபனிங்குகளைத் தேர்ந்தெடுப்பதுதான் நினைவுக்குச் செய்யும் பெரிய உதவி. வெள்ளையில் இன்னும் எளிதாக வேண்டுமென்றால் லண்டன் சிஸ்டம் போதும். அதை மட்டமாகப் பேசுபவர்கள் உண்டு, பொருட்படுத்த வேண்டாம்.

அளவு: ஒரு நிறத்துக்கு 30 முதல் 40 லைன், ஒவ்வொன்றும் 8 முதல் 10 நகர்த்தல் ஆழம். அதற்குமேல் எஞ்சின் (செஸ் கணினி நிரல்) காட்டுவதைச் சேர்க்க வேண்டாம். ஒவ்வொரு லைனின் கடைசியிலும் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்க வேண்டும். என் மோசமான காய் எது? எந்தச் சிப்பாயை உடைக்கப் போகிறேன்? எந்தக் காய்களை மாற்றிக்கொண்டால் எனக்கு நல்லது? பதினோராவது நகர்த்தல் மறந்தாலும் இந்த மூன்று பதில் இருந்தால் ஆட்டம் நடக்கும்.

அட்டை செய்யும் முறை

ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885லேயே காட்டியது இது: கற்றதில் பெரும்பகுதி முதல் சில மணி நேரங்களிலும் முதல் நாளிலும் போய்விடுகிறது, பிறகு தேய்மானம் மெதுவாகிறது. அதனால் லைன்களை, முன்பக்கம் கேள்வி பின்பக்கம் பதில் என்று அட்டைகளாக்கி, இடைவெளி விட்டு மறுபடி பார்க்க வேண்டும். முதல் மறுபார்வை அன்று மாலையே நடக்க வேண்டும். அதன் பிறகு 1, 3, 7, 16, 35 நாள் இடைவெளி. கணினி நிரலில் செய்தாலும் சரி, இடைவெளிக்கு ஓர் அறை என்று ஐந்தாறு அறை கொண்ட பெட்டியில் அட்டைகளை வைத்துச் செய்தாலும் சரி. கையால் படம் வரைந்து எழுதும் அட்டைக்கு நேரம் அதிகம் பிடிக்கும், ஆனால் எழுதும்போதே பாதி பதிந்துவிடும்.

அட்டையின் முன்பக்கம் நிலையின் படம் மட்டும். அதுவரை வந்த நகர்த்தல் வரிசை வேண்டாம். வரிசையைப் பார்த்தால் பாட்டு மாதிரி அடுத்த அடி வாயில் வருமே தவிர, நிலை அடையாளமாகாது. எதிராளி வரிசையை மாற்றி அதே நிலைக்கு வரும்போது அட்டை உதவாது. பின்பக்கம் ஒரு நகர்த்தல், அதன் கீழே ஒரே வாக்கியத்தில் காரணம். காரணம் உங்கள் சொந்த வார்த்தையில் இருக்க வேண்டும். எஞ்சின் தரும் 0.4 என்ற எண் காரணம் ஆகாது, அதை நினைவு பிடித்துக்கொள்ளவும் செய்யாது.

வயதான பிறகு அதிகம் தொல்லை தருவது முழு மறதியைவிடக் குழப்பம்தான். ஒன்றுபோல இருக்கும் இரண்டு லைன்கள் ஒன்றின்மேல் ஒன்று படிந்துவிடும். காரோ-கான் அட்வான்ஸில் வெள்ளை இ5 தள்ளுகிறது, கறுப்பு பிஷப்பை எஃப்5க்கு எடுக்கிறது. இப்போது வெள்ளை குதிரையை எஃப்3க்கு எடுத்தால் இ6 நல்ல நகர்த்தல். வெள்ளை எச்4 ஆடினால் அதே இ6 பிஷப்பையே பறிகொடுக்கும்: ஜி4 வரும், பிஷப் இ4க்குப் போகும், எஃப்3 வரும், பிஷப் ஜி6க்குத் திரும்பும், எச்5 வந்ததும் ஓட இடமில்லை. அங்கே எச்5 அல்லது எச்6 ஆடி பிஷப்புக்கு வழி விட வேண்டும். இரண்டையும் தனித்தனி அட்டையாக வைத்தால் ஒரு வருடம் கழித்தும் குழம்பும். ஒரே அட்டையில் இரண்டு படத்தையும் பக்கம் பக்கமாக வரைந்து, “என்ன வித்தியாசம், அதனால் எது மாறுகிறது?” என்று கேளுங்கள். குழப்பம் வரும் ஒவ்வொரு ஜோடிக்கும் இப்படி ஓர் இரட்டை அட்டை செய்தால், பத்து பதினைந்து அட்டையிலேயே பாதித் தொல்லை தீரும்.

புதிய அட்டை ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். அன்றைய மறுபார்வை 25 அட்டையைத் தாண்டினால் புதியது ஒன்றும் கிடையாது. அட்டையைப் பார்த்ததும் பதிலைத் திருப்பாதீர்கள், முழுதாக 20 விநாடி தேடுங்கள். நினைவு பலப்படுவது அந்தத் தேடலில்தான். தவறினால் முதல் அறைக்கே தள்ள வேண்டியதில்லை, இரண்டு அறை பின்னால் வைத்தால் போதும். இல்லாவிட்டால் முதல் அறை நிரம்பி, பெட்டியைத் திறக்கவே மனம் வராது.

ஒரே அட்டை மூன்று முறை தவறினால் குற்றம் அட்டையில் இருக்கிறது. காரணத்தை வேறு விதமாக எழுதிப் பாருங்கள். அப்படியும் தங்கவில்லை என்றால் அந்த லைனையே விட்டு, அதற்கு முந்தைய நகர்த்தலில் வேறு வழி தேடுங்கள்.

பாட வீடியோக்களுக்கும் இதே கணக்குதான். பேசுபவர் தெளிவாகச் சொல்லச் சொல்ல எல்லாம் புரிந்ததுபோல இருக்கும், அந்த உணர்வை நம்ப முடியாது. 15 நிமிடத்துக்கு ஒரு முறை நிறுத்தி, திரையை மூடி, மரப்பலகையில் அதுவரை வந்ததை அடுக்கிப் பாருங்கள். அடுக்க முடிந்தது மட்டும்தான் படித்தது. மரப்பலகை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. திரையின் தட்டைப் படத்தில் மட்டுமே பழகிய கண், போட்டியில் நிமிர்ந்து நிற்கும் காய்களுக்கிடையே மூலைவிட்டத்தைத் தவறவிடும்.

கணக்குப் போடுதல்

இளம் வயதில் ஆறேழு நகர்த்தல் வரை ஓட்டிப் பார்த்தவருக்கு இப்போது நான்காவதில் படம் மங்குகிறது. மங்கியதும் ஆரம்பத்துக்குத் திரும்பி மறுபடி ஓட்டுகிறார், மறுபடி அதே இடத்தில் மங்குகிறது. இப்படி 12 நிமிடம் போய்விடும். கடைசியில் சலித்துப்போய், அதுவரை பார்க்கவே பார்க்காத வேறொரு நகர்த்தலை ஆடிவிடுவார். இந்தப் பிழை மிக அதிகம்.

இதற்குப் பயிற்சி இடையில் படிக்கல் போடுவது. இரண்டு நகர்த்தல் ஓடியதும் நிறுத்துங்கள். அந்த நிலையில் எந்தக் கட்டம் காலியாயிற்று, எந்தக் காய் பலகையில் இல்லை, யார் ஆட வேண்டும் என்று மனதுக்குள் வார்த்தையில் சொல்லுங்கள். “எஃப்3இல் குதிரை இல்லை, டி ஃபைல் திறந்திருக்கிறது, கறுப்பு ஆட வேண்டும்.” வார்த்தை படத்தைத் தாங்கும். அடுத்த முறை திரும்ப வேண்டியது ஆரம்பத்துக்கு அல்ல, இந்தக் கல்லுக்கு. வீட்டில் பழக, ஒரு சிறிய ஆட்டத்தின் முதல் ஆறு நகர்த்தலைப் பலகை இல்லாமல் வாசித்துவிட்டு அந்த நிலையைத் தாளில் வரையுங்கள். வாரம் இரண்டு முறை, பத்து நிமிடம் போதும்.

டாக்டிக்ஸ் புதிர்களை (காயை வெல்லும் அல்லது மேட் செய்யும் சிறு உத்திகள்) இரண்டு வகையாகப் பிரியுங்கள். ஒன்று, எளிதான 150 புதிர்கள் கொண்ட மாறாத தொகுப்பு. ஃபோர்க், பின், ஸ்க்யூவர், கடைசி வரிசை மேட் போன்றவை. இதை நான்கு வாரத்தில் ஒரு சுற்று, பிறகு இரண்டு வாரத்தில், பிறகு ஒரு வாரத்தில் முடியுங்கள். இது கொத்துகளைக் கூராக வைக்கும் வேலை, இங்கே வேகம் வேண்டும். மற்றது, வாரம் நான்கு கடினமான நிலைகள், ஒன்றுக்கு 15 நிமிடம், விடையை முழுதாக எழுதிய பிறகே சரிபார்க்க வேண்டும். இரண்டையும் கலந்து, ரேட்டிங் ஏறும் இறங்கும் இணையப் புதிர்களில் தினம் ஒரு மணி நேரம் போடுவதால் அவசரம்தான் பழகும்.

எண்ட்கேம்

இங்கே போடும் நேரம் வயதானவருக்கு நல்ல வட்டி தரும். விதிகள் குறைவு, அவை மாறுவதில்லை. எதிர்நிலை பிடித்தல், சிப்பாயின் சதுரம், சிப்பாயின் முக்கியக் கட்டங்கள், யானை எண்ட்கேமில் லூசேனா (ஒரு சிப்பாய் அதிகம் உள்ளவர் வெல்லும் நிலை), பிலிடோர் (குறைவாக உள்ளவர் டிரா செய்யும் நிலை). இவ்வளவு உறுதியாகத் தெரிந்தாலே பல அரைப் புள்ளிகள் காப்பாற்றப்படும்.

ஒவ்வொன்றையும் ஒரு வாக்கியமாக்கி வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். பிலிடோருக்கு: “என் ராஜா, எதிரிச் சிப்பாய் ராணியாகும் கட்டத்தருகே நிற்கும், என் யானை எதிரி ராஜா ஏற முடியாதபடி எதிரியின் பக்கத்திலிருந்து எண்ணும் ஆறாவது வரிசையைக் காக்கும், சிப்பாய் அந்த வரிசைக்கு வந்த கணமே யானை பின்னால் ஓடி தூரத்திலிருந்து செக் கொடுக்கும்.” லூசேனாவுக்கு: “யானை நான்காம் வரிசைக்கு, பிறகு ராஜா வெளியே, செக்குகளைத் தாண்டி நடந்து வந்து, கடைசி செக்கை யானையால் மறை.” மாதம் ஒரு முறை எஞ்சினுக்கு எதிராக இரண்டு பக்கமும் ஆடிப் பாருங்கள். தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தது கையில் வராத நாள் ஒன்று கட்டாயம் வரும், அது வீட்டில் வரட்டும்.

கடிகாரமும் உடம்பும்

90 நிமிடமும் நகர்த்தலுக்கு 30 விநாடியும் என்றால், 60 நகர்த்தல் ஆட்டத்தில் ஒருவருக்கு 120 நிமிடம், மொத்தம் நான்கு மணி நேரம். நான்காவது மணி நேரத்துக்கு மூளையில் எரிபொருள் இருக்க வேண்டும். கடிகாரத்தில் 15ஆவது நகர்த்தலில் 60 நிமிடமாவது, 25இல் 40, 35இல் 20 மீதி இருக்கும்படி ஆடிப் பழகுங்கள். ஓபனிங் மறந்துபோனால் அதை நினைவுக்குக் கொண்டுவர ஐந்து நிமிடத்துக்கு மேல் போராட வேண்டாம். வராத லைனைத் தேடும் அரை மணி நேரம், பிறகு எண்ட்கேமில் இல்லாமல் போகும். மூன்று கேள்விகளைக் கேட்டு ஒரு நல்ல வளர்ச்சி நகர்த்தலை ஆடிவிடுங்கள்.

நகர்த்தலை முதலில் தாளில் எழுதி, மறுபடி பார்த்துவிட்டு ஆடுவது பழைய தலைமுறையின் நல்ல தற்காப்பு. உலக செஸ் அமைப்பான ஃபிடேயின் இன்றைய விதியில், டிரா கோருவது போன்ற சில நேரம் தவிர, அதற்கு இடமில்லை. அதற்கு மாற்றாக ஒரு சடங்கு தேவை: முடிவு செய்ததும் கையை மேசைக்குக் கீழே வையுங்கள், பார்வையைப் பலகையின் நான்கு மூலைக்கும் ஓட்டுங்கள், எதிராளிக்கு என்ன செக், எதை வெட்டலாம், என்ன மிரட்டல் என்று இந்த வரிசையிலேயே கேளுங்கள். பத்து விநாடிதான். வீட்டு ஆட்டங்களிலும் விடாமல் செய்தால்தான் போட்டியில் களைத்த நேரத்தில் தானாக வரும்.

கண்ணாடியைப் பலர் நினைப்பதில்லை. வாசிக்கும் கண்ணாடி பொதுவாக 40 செ.மீ. தூரத்துக்கானது. பலகையின் நடு 50, 60 செ.மீ., எதிர்மூலை அதற்கும் அப்பால். மங்கலாகத் தெரியும் எட்டாவது வரிசையில் நிற்கும் பிஷப்பை மூளை மறந்ததாக நினைக்கிறோம், உண்மையில் கண் பார்க்கவில்லை. உட்கார்ந்த நிலையில் கண்ணிலிருந்து கடைசி வரிசை வரை அளவு நாடாவால் அளந்து, அந்த எண்ணைக் கண் மருத்துவரிடம் சொல்லி இடைத்தூரக் கண்ணாடி வாங்குங்கள்.

ஆட்டத்துக்கு முந்தைய தயாரிப்பு 30 நிமிடத்துக்குள், ஏற்கெனவே பெட்டியில் இருக்கும் அட்டைகளோடு மட்டும். முந்தின இரவு புதிய லைன் படித்தால் அது பழையதோடு மோதி இரண்டும் கெடும், தூக்கமும் போகும். படித்தது நிலைப்பதே தூக்கத்தில்தான். ஒரே நாளில் இரண்டு நீண்ட ஆட்டம் வரும் போட்டிகளில், அரைப் புள்ளி பை (ஒரு சுற்றை ஆடாமல் விட்டு அரைப் புள்ளி பெறுவது) அனுமதி இருந்தால் தயங்காமல் எடுங்கள். 2014 முதல் உலக சீனியர் போட்டிகள் 50க்கு மேல், 65க்கு மேல் என்று இரண்டு பிரிவாக நடக்கின்றன. சம வயதினரோடு ஆடும் ஆட்டத்தில் களைப்பு இரண்டு பக்கமும் சமம்.

ஒரு வாரம்

ஐந்து நாள், நாளுக்கு 45 நிமிடம், மூளை தெளிவாக இருக்கும் நேரத்தில். முதல் 15 நிமிடம் தினமும் அட்டைகள். மீதி 30 நிமிடம் இரண்டு நாள் கணக்கு, ஒரு நாள் எண்ட்கேம், ஒரு நாள் எளிய புதிர்ச் சுற்று, ஒரு நாள் சொந்த ஆட்டத்தை அலசுவது. ஆறாவது நாள் ஒரு நீண்ட ஆட்டம். பிளிட்ஸ் (சில நிமிட வேக ஆட்டம்) வேண்டுமானால் 5 நிமிடமும் 3 விநாடியும் என்று கூடுதல் நேரத்தோடு, ஒரு உட்காரலில் நான்கு ஆட்டத்துக்குள்.

சொந்த ஆட்டத்தை அலசும்போது முதல் 20 நிமிடம் எஞ்சினைத் திறக்கக் கூடாது. எங்கே என்ன நினைத்தீர்கள், எதற்குப் பயந்தீர்கள் என்று எழுதுங்கள். எஞ்சினின் முதல் வரி கண்ணில் பட்டதும் அந்த நினைவு அழிந்துவிடும், திரும்ப வராது. பிறகு எஞ்சினைப் பார்த்து ஓர் ஆட்டத்துக்கு ஒரே ஒரு பாடம் எடுத்து, ஒரே ஒரு அட்டை செய்யுங்கள்.

முன்னாள் உலக சாம்பியன் இம்மானுவேல் லாஸ்கர் 1935இல் மாஸ்கோவில் மூன்றாம் இடம் பிடித்தபோது அவருக்கு 66 வயது, ஓர் ஆட்டமும் தோற்கவில்லை. வாசிலி ஸ்மிஸ்லோவ் 1984இல் கேண்டிடேட்ஸ் (உலக சாம்பியனுக்குச் சவால் விடுபவரைத் தேர்ந்தெடுக்கும் போட்டி) இறுதியில் காஸ்பரோவை எதிர்த்து ஆடியபோது அவருக்கு 63. விக்டர் கோர்ச்னாய் 2011இல் ஜிப்ரால்டரில் ஃபாபியானோ கருவானாவை வென்றபோது 79. இவர்கள் அளவுக்கு வலு யாருக்கும் கிடைப்பதில்லை. ஆனாலும் அந்த ஆட்டங்களை எடுத்து அடுக்கிப் பார்ப்பது வாரத்தில் ஓர் அரை மணி நேரத்துக்குத் தகுந்த வேலை.

எப்போது மருத்துவரிடம் போவது

லைன் மறப்பதும் எதிராளியின் பெயர் நாக்கு நுனியில் நிற்பதும் வயதின் சாதாரண விஷயம். போன வாரம் ஆடிய ஆட்டம் நடந்ததே நினைவில்லை, பல வருடம் ஆடியவருக்குக் காஸ்லிங் விதி குழம்புகிறது, பழகிய வழியில் திசை தப்புகிறது, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார் என்று வீட்டார் சொல்கிறார்கள் என்றால் தள்ளிப்போட வேண்டாம். தைராய்டு கோளாறு, பி12 குறைவு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகளும் ஒவ்வாமை மாத்திரைகளும் நினைவை மந்தமாக்கும். இவை சரிசெய்யக் கூடியவை. சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலைக் கையில் கொண்டு போங்கள். மருத்துவர் சொல்லாமல் எதையும் தானாக நிறுத்தக் கூடாது.

இடைவெளிக்குப் பிறகு

உடல்நலமோ வீட்டு வேலையோ காரணமாக மூன்று வாரம் படிப்பு நின்றுபோனால் பெட்டியில் 150 அட்டை காத்திருக்கும். ஒரே நாளில் தீர்க்க உட்காராதீர்கள், பாதிக்கு மேல் தவறி மனம் உடையும். முதலில் இரட்டை அட்டைகளை மட்டும் பாருங்கள். பிறகு அடுத்த போட்டியில் வரக்கூடிய ஓபனிங்கின் அட்டைகள், நாளுக்கு 20. புதிய அட்டை இரண்டு வாரத்துக்கு இல்லை. ஆறு மாதமாக ஒரு ஆட்டத்திலும் வராத லைனின் அட்டை எதிர்ப்பட்டால் அதை வெளியே எடுத்து, தனி உறையில் போட்டு, உறையின்மேல் தேதி எழுதிவிடுங்கள்.